பார்னி டூமியின் பத்தாவது முட்டை

பார்னி டூமியின் விரல்களுக்காக நான் ஜெபம் செய்த அளவுக்கு அவன் மனைவி ஹனோராகூடச் செய்திருக்க மாட்டாள். பக்தி ஒன்றும் கிடையாது. பயம்தான்.

எங்கள் பெல்டன் ஊர் பேஸ்பால் அணியில் பார்னிதான் கேட்சர். பேட் பிடித்தவனுக்குப் பின்னால் நின்று பிட்சர் எறிகிற பந்தையெல்லாம் வாங்குகிறவன். நான் வலது ஓரத்தில் நிற்பவன். பந்து அந்தப் பக்கம் அதிகம் வராது. புல்லையும், ஆற்றில் போகிற படகையும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கேட்சருக்கு அடிபட்டால் வலது ஓரக்காரன் ஓடி வந்து அவன் இடத்தில் நிற்க வேண்டும். எல்லா அணியிலும் அப்படித்தான். ஆகவே பார்னியின் பத்து விரலும் நன்றாக இருக்கிறவரைதான் என் பத்து விரலும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கேப்டன் ரூனி என் பக்கம் கையைத் தூக்கிவிடுவாரோ என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் கேட்சர் என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. முகத்துக்கு ஒரு கம்பிக்கூடு உண்டு, சரி. கைக்கு? விரல்நுனி வெட்டிய தோல் உறை, சீமாட்டிகள் கோயிலுக்குப் போட்டுப் போகிற உறையைவிடக் கொஞ்சம் தடிமன். அடி தாங்குவதற்கு அதற்குள் பார்னி ஒரு துண்டு மாட்டிறைச்சி வைத்துக்கொள்வான். ஆட்டம் முடியும்போது இறைச்சி கூழாகிவிடும்.

"எங்க வீட்ல கறி மொதல்ல மைதானத்துக்குப் போய் அடி வாங்கிட்டுத்தான் சட்டிக்கு வரும்," என்பாள் ஹனோரா. "மெத்துன்னு இருக்குமே! சாப்ட்டுப் பாரு தம்பி."

நான் ஒருநாளும் சாப்பிடவில்லை.

ஆட்டப் பருவம் பனி விழுவதற்கு முன்பே முடிந்துவிடும். பனிக்காலம் முழுக்க பார்னி பீஸ்லி சட்டைக் காலர் தொழிற்சாலையில் துணி வெட்டுவான். பத்துப் பன்னிரண்டு மடிப்பு லினனை அடுக்கி, மேலே அச்சை வைத்து, ஒரே இழுப்பில் கத்தியை வளைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் கத்தியை அழுத்திப் பிடிப்பது வலது கட்டைவிரல். வெட்டுகிறவன் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. கஞ்சி போடுகிறவர்கள், தேய்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்குக் கீழே. பார்னி வெட்டின காலரின் வளைவைப் பார்த்தே இது டூமி வெட்டினது என்று பெண்கள் சொல்வார்கள். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் ஐந்து வயிறு. ஆனால் பீஸ்லியே அணிக்கும் முதலாளி. கோடையில் பந்து பிடிக்க மாட்டேன் என்கிறவனுக்குக் குளிர்காலத்தில் கத்தி கிடையாது.

எங்கள் பிட்சர் எஸ்ரா ஸ்டிக்னி. ஆறடி ஆள், மலைப்பக்கத்து விவசாயி மகன். நடக்கும்போதே யாரோ தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்ற நினைப்பு. அவனுடைய வேகப்பந்து எங்கள் லீக்கிலேயே பேர்போனது. அது பார்னியின் உள்ளங்கையில் விழுகிற சத்தம் வலது ஓரத்தில் நிற்கிற எனக்குக் கேட்கும். கேட்டதும் என் கையை நான் சட்டைக்குள் விட்டுக்கொள்வேன்.

இந்தக் கதை நடந்த வருஷம், வசந்தத்தில் ஆட்டத்தின் சட்டத்தை மாற்றினார்கள். அதுவரை பேட்டில் உரசிப் பின்னால் போகிற பந்தை, தரையில் ஒருதரம் குத்தி எழும்பியபின் பிடித்தாலும் அவுட். அதனால் கேட்சர் பத்திருபது அடி தள்ளி நிற்கலாம். பந்து குத்தி, வேகம் குறைந்து, சாதுவாக வரும். இனிமேல் அது செல்லாது, நேராகப் பிடித்தால்தான் அவுட் என்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான், ஓட்டல் அறையில் சுருட்டுப் பிடித்தபடி இதை எழுதியிருப்பான். அவன் கை ஒருநாளும் பந்தைத் தொட்டிருக்காது. பார்னி பேட்டுக்கு நேர் பின்னால், மூச்சு படுகிற தூரத்தில் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

மே மாதம் ஓர் ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்தின் கருவிக்கொட்டகைக்குப் பின்னால் அவன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"என்னடா, ராத்திரி ஊத்திக்கிட்டியா?" என்றேன்.

"ஒரு சொட்டு தொடலடா." வாயைத் துடைத்துக்கொண்டான். முகம் கஞ்சி போட்ட துணிமாதிரி இருந்தது. "எல்மர், எனக்கு பயமா இருக்கு."

"எதுக்கு?"

"எஸ்ரா கையத் தூக்கினாலே கண்ணு தானா மூடிக்குது. சுளீர்னு வருமே, அந்தப் பந்தை வேணும்னு கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. தினமும் இப்படித்தான். இங்க வந்து கொட்டிட்டுத்தான் உள்ள போறேன்."

எனக்கும் பயம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா," என்றான். "அடி வாங்கினாக்கூட மனுஷன் ஊருக்குள்ள நடந்துடலாம். பயந்தவன்னு பேரு வாங்கினா நடக்க முடியாது."

"எங்கம்மா மேல சத்தியம்," என்றேன்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். எதிரணியை ஆட்டம் முழுக்க ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் அனுப்புவதற்குத்தான் முட்டை கொடுப்பது என்று பெயர். ஒரு பருவத்தில் யார் அதிக முட்டை கொடுத்தார் என்பதுதான் பிட்சர்களுக்குள் பேச்சு. வருஷக் கடைசியில் லீக் கணக்கைப் புத்தகமாகப் போடுவார்கள். முதல் பெயர் யாருடையது என்று முடிதிருத்தும் கடையில் சண்டை நடக்கும். முந்தைய வருஷம் எஸ்ரா கொடுத்தது இரண்டே இரண்டு. வேகமாக எறிவான், ஒன்று பேட்டில் பட்டுப் பறக்கும், இல்லையென்றால் பார்னியைத் தாண்டி ஓடும்.

எந்தப் பந்து எறிய வேண்டும் என்று சைகை காட்டுவது கேட்சர். பார்னி முழங்காலுக்குப் பக்கத்தில் கையை மூடினால் வேகம். இரண்டு விரல் காட்டினால் மெதுவாக வளைந்து வருகிற பந்து. மே மாதத்திலிருந்து அந்தக் கை அநேகமாக மூடவே இல்லை. இரண்டு விரல், இரண்டு விரல், எப்போதாவது ஊருக்காக ஒருதரம் மூடுவான், உடனே மறுபடி இரண்டு விரல். எஸ்ராவின் வேகத்துக்குப் பயந்து முன்கூட்டியே பேட்டைச் சுழற்றுகிற ஆட்கள், பந்து சோம்பலாக வளைந்து வருவதைப் பார்த்துத் தடுமாறி விழுந்தார்கள். ஜூன் முடிவதற்குள் மூன்று முட்டை. ஆகஸ்டுக்குள் ஏழு, செப்டம்பரில் ஒன்பது. ஸ்டிக்னியின் தந்திரம், ஸ்டிக்னியின் மூளை என்று பத்திரிகைக்காரன் எழுதித் தள்ளினான். மூளை! எஸ்ராவுக்கு ஷூ கயிறு அவிழ்ந்தால்கூட இன்னொருவன் சொல்ல வேண்டும்.

ஒன்பது முட்டையும் பார்னியின் பயம் போட்டது. அது பார்னிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். கேர்ன்ஸ்வில் ஊர்ப் பிட்சர் ஒருவனும் ஒன்பதோடு முடித்திருந்தான். இன்னொன்று கொடுத்தால் எஸ்ராதான் லீக்கிலேயே முதல். பீஸ்லி தொழிற்சாலைக்கு அரைநாள் விடுமுறை விட்டார். ஊரே மைதானத்தில்.

முந்தின வாரம்தான் பார்னியின் வலது கட்டைவிரல் நகத்தடியில் பிளந்திருந்தது. தார் தடவிக் கட்டியிருந்தான். ஆட்டத்துக்கு முன் ஹனோரா என்னை வேலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னிக்கு ஒருநாள் நீ நில்லேன். அவரு விரல் தாங்காது. டாக்டர் சொல்லிட்டாரு, இன்னொரு அடி பட்டா மூட்டு போயிடும், அப்புறம் கத்தி புடிக்க முடியாதாம். திங்கக்கிழமை வெட்டற மேசைக்குப் போகணும் அவரு."

"நான் கேட்டுப் பாக்கறேன் அக்கா," என்றேன்.

கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் தெரியுமா? கேப்டன் ரூனியின் காதில் விழுந்தும் விழாத குரலில் கேட்டேன். "எஸ்ரா வேற யாருக்கும் எறிய மாட்டான், போடா உன் இடத்துக்கு," என்றார். நானும் மிகுந்த கீழ்ப்படிதலோடு போனேன். வலது ஓரத்தை அடைந்ததும் மறுபடி ஆற்றுப் படகைப் பார்க்க ஆரம்பித்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டாஸ் வென்று நாங்களே முதலில் பேட் பிடித்தோம், புதுப் பந்தை அடிக்கலாமே என்று. ஆட்டம் முழுக்க ஒரே பந்துதான். போகப் போக அது கறுத்து, கொழகொழத்து, சாயந்திர வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு இரண்டு ரன் கிடைத்தது. ஒன்பது இன்னிங்ஸில் எட்டு முடிந்தும் எதிரணிக்கு ஒன்றுமில்லை. பார்னி இரண்டு விரலையே காட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பந்துக்கும் அவன் தோள் காதுவரை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. பந்து மெதுவாக வந்து உறையில் அமரும். அப்பாடா என்று நானும் மூச்சு விடுவேன்.

ஒன்பதாவதில் நாங்கள் பேட் பிடித்த நேரம். பார்னி எங்கள் முறையில் முதல் ஆளாகப் போய் நின்றிருந்தான். பெஞ்சில் எஸ்ரா காலை நீட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் அளந்துகொண்டிருந்தான்.

"நாளைக்குப் பேப்பர்ல என் படம் வரும் பாரு. பத்து முட்டை! இந்த லீக்ல எவன் போட்டிருக்கான்?"

"பார்னிக்கும் பங்கு உண்டுல்ல?" என்றான் யாரோ.

"பார்னியா?" எஸ்ரா சிரித்தான். "அங்க ஒரு பலகைய நட்டு வெச்சாலும் அதே வேலைதான்டா. நான் எறியறேன், அவன் மேல வந்து விழுது. பலகைக்குக் கறி வாங்க வேண்டாம், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் கோபம் எப்போதும் என் புத்திக்கு நாலடி முன்னால் ஓடும்.

"மூடுடா வாயை!" என்றேன். "நீ போட்டதாடா முட்டை? உன் வேகப்பந்துக்கு பயந்துகிட்டு அவன் மெதுவா மெதுவான்னு கேட்டான், அதுல விழுந்துச்சு ஒன்பதும். அவன் பயம் மட்டும் இல்லைன்னா நீ இன்னும் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருப்ப!"

எஸ்ராவின் காது நுனி சிவந்தது.

"பயமா?" என்றான் மெதுவாக. "பார்னிக்கு என்னைக் கண்டு பயமா?"

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. "சும்மா சொன்னேன்டா, கோவத்துல சொன்னேன்," என்றேன். எஸ்ரா என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்னி அவுட் ஆகித் திரும்பி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. எங்கள் ஆட்கள் மூவரும் வரிசையாக அவுட். அவர்களுடைய கடைசி முறைக்காக நான் வலது ஓரத்துக்கு நடந்தேன். ஓடவில்லை.

முதல் பந்து. பார்னி இரண்டு விரல் காட்டினான். எஸ்ரா கையைச் சுழற்றினான்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சுளீர்.

பார்னி ஓர் அடி பின்னால் தள்ளாடி நின்றான். எஸ்ராவைப் பார்த்தான். சைகையைத் தவறவிட்டானோ என்று நினைத்திருப்பான், மறுபடி இரண்டு விரலை இன்னும் நன்றாக விரித்துக் காட்டினான். மறுபடி சுளீர். அடுத்ததும் அப்படியே. மெதுவானது வரும் என்று கையை நீட்டியிருக்கிறவனுக்கு வேகப்பந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் பிற்பாடு அனுபவித்தேன். கதவிடுக்கில் கை மாட்டியதுபோல, ஆனால் கதவு எப்போது சாத்தும் என்று தெரியாது.

முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அடித்துவிட்டு ஓடி, சதுரத்தின் முதல் மூலையான முதல் பேஸில் போய் நின்றான். மூன்றாவது ஆளும் அடித்துவிட்டு ஓடினான், இரண்டு பேஸில் ஆள். நான்காவது ஆள் தூக்கி அடித்ததை நடுவில் நின்றவன் பிடித்தான். இரண்டு அவுட், இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடியும். ஐந்தாவது ஆளுக்கு எஸ்ராவின் பந்து எல்லாம் கண்டபடி போய், விதிப்படி அவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்தான். மூன்று பேஸிலும் ஆள். ஒருவன் வீடு, அதாவது பார்னி நிற்கிற ஹோம் பேஸ், வந்து சேர்ந்தால் ஒரு ரன், முட்டை போயிற்று.

பார்னி பிட்சரிடம் நடந்து போனான். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது பேஸைக் காத்து நின்ற எங்கள் ஆள் பிறகு சொன்னான்.

"சைகை தெரியலையா எஸ்ரா? வெயிலா?"

"நல்லாத் தெரியுது. பயந்தவன் சைகை எனக்கு வேண்டாம். என் முட்டைய நானே போட்டுக்கறேன்."

பார்னி திரும்பி நடந்தானாம். திரும்பும்போது ஒருதரம் வலது ஓரத்தைப் பார்த்தான். அது எனக்கே தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

அவன் போய் நின்றான். தள்ளி நின்றிருக்கலாம், பந்து கை தவறி ஓடினால் ஒருவன் ஓடி வருவான், முட்டை போகும், கட்டைவிரல் பிழைக்கும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் சத்தியமாக அதைத்தான் செய்திருப்பேன். அவன் பேட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்றான். கையை முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மூடினான்.

வேகம் என்று அவனே கேட்டான்.

அடிப்பவன் பந்தைத் தவறவிட்டால் அது ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். ஒரு ஸ்ட்ரைக். இரண்டு. வேலிக்குப் பக்கத்தில் ஹனோரா முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். கர்த்தரே, அவன் கை, அவன் கை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது பந்துக்கு அடிப்பவன் பேட்டை வீசினான், படவில்லை. ஆனால் பந்து கடைசி நொடியில் உள்ளே திரும்பி, பார்னியின் கட்டைவிரலின் நுனியில் நேராகக் குத்தியது. இந்தமுறை சத்தம் வேறுமாதிரி இருந்தது. பந்து அவன் காலடியில் விழுந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் கீழே விட்டால் பேட் பிடித்தவன் ஓடலாம். பேஸ் எல்லாம் நிரம்பியிருந்தால் அத்தனை பேரும் ஓடியாக வேண்டும்; வருகிறவனுக்கு முன்னால் கேட்சர் பந்தோடு ஹோம் பேஸைத் தொட்டால் அவன் அவுட். ஓடினார்கள். மூன்றாவது பேஸில் நின்றவன் பார்னியை நோக்கிப் பாய்ந்து வந்தான். பார்னியின் வலது கை தொங்கியது. அவன் மண்டியிட்டு, இடது கையால் பந்தைத் துழாவி எடுத்து, அப்படியே ஹோம் பேஸின் மேல் நெஞ்சு பதிய விழுந்தான். ஓடி வந்தவன் அவன் முதுகில் தடுக்கி உருண்டான்.

"அவுட்!" என்றார் நடுவர்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஆட்டம் முடிந்துவிட்டது, இனி கேப்டன் என்னைக் கூப்பிட மாட்டார். அதுதான். அதற்குப் பிறகுதான் பார்னி ஞாபகம் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் என்னை மன்னிக்காதது அந்த ஒரு நொடியைத்தான். பெஞ்சில் கத்தியதைக்கூட அல்ல.

எஸ்ராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பந்துக்குத் தங்க வர்ணம் பூசி, பத்து என்று எழுதி, பீஸ்லி தன் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார். புத்தகத்தில் எஸ்ரா ஸ்டிக்னியின் பெயர் முதலில் வந்தது. பார்னியின் பெயர் வரவில்லை. கேட்சர்களுக்கு அதில் இடம் கிடையாது.

ஒரு வாரம் நான் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் போனேன். ஹனோரா கதவைத் திறந்தாள்; வா தம்பி என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டாள். பார்னி சமையலறை மேசையில் இடது கையால் கத்தியைப் பிடித்து, பழைய துணியில் காலர் வெட்டப் பழகிக்கொண்டிருந்தான். வளைவு எல்லாம் கோணல்மாணல். வலது கையில் கட்டு. கட்டைவிரல் இருந்த இடத்தில் மூட்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

தொப்பியைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தேன்.

"பார்னி, நான்தான்..."

"தெரியும்," என்றான். "உன்னைத் தவிர யாருக்கு நான் சொன்னேன்?"

கத்தியைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வசந்தத்துல நீதானே அங்க நிக்கணும்?" என்றான்.

அந்த ஒரு வாரமும் நான் தூங்காததற்கு அதுவும் ஒரு காரணம். தலையை ஆட்டினேன்.

"கையைக் காட்டு."

காட்டினேன். தன் இடது கையால் என் கட்டைவிரலைப் பிடித்து உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன்மேல் தளர்வாக மூடினான். "பந்து வந்து தொடற வரைக்கும் இப்படியே வெச்சிரு. நான் விரிச்சு வெச்சேன். அதான் போச்சு." ஒருதரம், இரண்டுதரம், திறந்து மூடிக் காட்டினான். என் கை அவன் பிடியிலிருந்து நழுவிச் சட்டைக்குள் போகப் பார்த்தது. மறைக்க முடியவில்லை.

"பயமா இருக்கா?" என்றான்.

"ரொம்ப," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதனிடம் அதைச் சொன்னேன்.

பார்னி என் கையை விட்டுவிட்டு மறுபடி கத்தியை எடுத்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றான்.